தங்க மின்முனையின் மேல் படிந்திருப்பது சவ்வுதானா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வேதியியல் முதுகலை மாணவரான நீங்கள் டிஓபிசி என்ற பாஸ்போலிப்பிடில், அதாவது செல் சவ்வை ஆக்கும் கொழுப்பு வகை ஒன்றில், லிப்போசோம்கள் எனப்படும் நுண்குமிழிகளைத் தயாரித்து, அவற்றைச் சுத்தம் செய்த தங்க மின்முனையின் மேல் ஒரு மணி நேரம் விட்டுவைத்திருக்கிறீர்கள். பிறகு ஃபெர்ரிசயனைடு கரைசலில் எடுத்த சுழற்சி வோல்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) மின்னோட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது. மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 6 மைக்ரோஃபாரட் என்று வந்திருக்கிறது. செயற்கைச் செல் சவ்வு உருவாகிவிட்டது என்று ஆய்வேட்டில் எழுதலாமா, அதன் மேல் ஒரு நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடைச் சேர்த்தால் தெரியும் விளைவை உயிருள்ள செல்லுக்கும் பொருத்தலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஐந்து நானோமீட்டர்கூடத் தேறாத ஒரு படலம் அங்கே இருக்கிறது என்பதற்கு எதைச் சாட்சியாக ஏற்பது?

நான் பல ஆண்டுகளாக மின்வேதியியல் முறைகளைக் கொண்டு லிப்பிடுப் படலங்களோடு வேலை செய்பவன். லிப்பிடுகள், சிறு பெப்டைடுகள், அயனிகளைக் கடத்தும் சிறு மூலக்கூறுகள் ஆகியவற்றைப் பற்றி அனுபவத்திலிருந்து பேச முடியும். பெரிய சவ்வுப் புரதங்களைக் கையாண்டவன் அல்லன் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. சுருக்கமான பதில் இதுதான்: நீங்கள் தந்திருக்கும் இரண்டு அளவீடுகளை வைத்துச் சவ்வு உருவாகிவிட்டது என்று எழுத முடியாது. லிப்பிடு ஏதோ ஒரு வடிவில் தங்கத்தின் மேல் இருக்கிறது என்று மட்டும் எழுதலாம்.

காரணத்தை மின்தேக்குத்திறனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்தத் துறையில் நம்பத்தக்க முதல் எண் அதுதான். சவ்வு என்பது வாலோடு வால் சேர்ந்து நிற்கும் இரண்டு லிப்பிடு அடுக்குகள். இந்த இரட்டைப்படலத்தின் நடுப்பகுதி முழுக்க ஹைட்ரோகார்பன் வால்கள். இரு பக்கமும் உப்புநீர். இரண்டு கடத்திகளுக்கு நடுவே எண்ணெய் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடக்கிறது, அது ஒரு மின்தேக்கி. எண்ணெய்ப் பகுதியின் டைஎலக்ட்ரிக் மாறிலியை 2.2 என்றும் தடிமனை 2.7 நானோமீட்டர் என்றும் எடுத்துக்கொண்டு இணைத்தகட்டு மின்தேக்கிச் சமன்பாட்டில் போட்டால், சதுர சென்டிமீட்டருக்கு 0.7 மைக்ரோஃபாரட் வருகிறது. ஹியூகோ ஃப்ரிக்கே 1925-இல் இரத்தச் சிவப்பணுக்களின் தொங்கல் கரைசலில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி 0.81 என்று அளந்தார். மாறிலியை 3 என்று கொண்டு தடிமன் 3.3 நானோமீட்டர் எனக் கணக்கிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் யாரும் சவ்வைப் பார்த்திராத காலத்தில், ஒரு மின் அளவீடு அதன் தடிமனை மூலக்கூறு அளவில் சொல்லிவிட்டது. ஆகவே நல்ல இரட்டைப்படலம் என்றால் மின்தேக்குத்திறன் 0.5-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும். இது உறுதியான செய்தி. இதில் கருத்து வேறுபாடு இல்லை.

உங்கள் எண் 6. மூடப்படாத தங்கத்தின் மின்தேக்குத்திறனை 30 என்றும் நல்ல படலத்தினுடையதை 0.8 என்றும் வைத்து, பரப்பு விகிதப்படி இரண்டையும் கூட்டினால் 6 வருவதற்கு ஏறக்குறைய 18 விழுக்காடு பரப்பு திறந்து கிடக்க வேண்டும். ஆறில் ஒரு பங்கு ஓட்டை உள்ள ஒன்றைச் சவ்வு என்று சொல்ல மனம் வராது. இது மிக எளிய கணக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்: திறந்த தங்கமும் மூடிய தங்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக மட்டும் இது கொள்கிறது, தங்கத்தின் சொரசொரப்பை இது கணக்கில் எடுக்கவில்லை. மெருகேற்றிய தட்டு மின்முனையின் உண்மைப் பரப்பு நாம் அளவுகோலால் அளக்கும் பரப்பைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்குகூட இருக்கும். கந்தக அமிலத்தில் வோல்டாமெட்ரி எடுத்து, தங்க ஆக்சைடு ஒடுக்கமடையும் முகட்டின் மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 390 முதல் 400 மைக்ரோகூலோம் என்ற கணக்கால் வகுத்தால் உண்மைப் பரப்பு கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் தரப்படும் மின்தேக்குத்திறன் எண்ணை நான் ஒப்பிடுவதே இல்லை.

ஃபெர்ரிசயனைடு மின்னோட்டம் குறைந்தது இன்னும் பலவீனமான சாட்சி. அந்த அயனி மூன்று எதிர்மின்னூட்டம் கொண்டது. பரப்பில் எதிர்மின்னூட்டமுள்ள எதுவும், ஆக்சிஜனேற்றமடைந்த லிப்பிடோ அழுக்கோ எதுவானாலும், அதைத் தள்ளிவிடும். மூடாமலேயே மின்னோட்டம் குறையும். நேர்மின்னூட்டமுள்ள ஹெக்சா அமின் ருத்தேனியத்தையும் வைத்து அளந்து, இரண்டும் ஒரே அளவு குறைந்தால்தான் பரப்பு மூடப்பட்டிருக்கிறது என்று பேசத் தொடங்கலாம். அப்போதுகூட, எதனால் மூடப்பட்டிருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது. உங்கள் விஷயத்தில் எனக்கு வலுவான ஐயம் ஒன்று உண்டு: லிப்போசோம்கள் உடைந்து விரியாமல், முழுக் குமிழிகளாகவே தங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த ஐயத்துக்கு அடிப்படை, குவார்ட்ஸ் படிக நுண்தராசு தந்த பாடம். அதிரும் குவார்ட்ஸ் வட்டின் மேல் பொருள் படியப் படிய அதிர்வெண் குறையும். படிந்தது மெத்தென்று ஆடும் பொருளாக இருந்தால் ஆற்றல் இழப்பு கூடும். 1998-இல் கெல்லரும் காசெமோவும் வெளியிட்ட வரைவுகளை இந்தத் துறைக்கு வருபவர்கள் அனைவரும் பார்த்திருக்க வேண்டும். சிலிக்காவின் மேல் லிப்போசோம்கள் முதலில் குமிழிகளாக ஒட்டுகின்றன. அதிர்வெண் இறங்குகிறது, இழப்பு ஏறுகிறது. குமிழிகள் நெருங்கி ஓர் எல்லையைத் தாண்டியதும் உடைந்து விரிகின்றன. உள்ளே சிறைப்பட்டிருந்த நீர் வெளியேறுவதால் அதிர்வெண் மீண்டும் உயர்ந்து, 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் தொடக்கத்தைவிட 26 ஹெர்ட்ஸ் குறைவாக நிலைகொள்கிறது. இழப்பு கிட்டத்தட்ட சுழிக்கு வருகிறது. அந்த 26-ஐச் சரிபார்ப்பது ஒரு தனி நிறைவு. ஒரு ஹெர்ட்ஸுக்கு 17.7 நானோகிராம் என்றால் மொத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 460 நானோகிராம். டிஓபிசியின் மூலக்கூறு நிறை 786, ஒரு மூலக்கூறு அடைக்கும் பரப்பு 0.7 சதுர நானோமீட்டர் என்று எடுத்து இரண்டு அடுக்குகளுக்குக் கணக்கிட்டால் 370 நானோகிராம் லிப்பிடு. மீதி 90 நானோகிராம் நீர். அதாவது படலத்துக்கும் சிலிக்காவுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் நீர்ப்படுகை. வேறு முறைகளும் இதே அளவு நீரைத்தான் காட்டுகின்றன. ஆனால் அதே ஆய்வில் ஆக்சைடு படிந்த தங்கப் பரப்பில் குமிழிகள் உடையவே இல்லை. அதிர்வெண் ஆழமாக இறங்கி அங்கேயே நிற்கிறது, இழப்பும் உயர்ந்தே நிற்கிறது. வெறும் தங்கத்தின் மேல் நடுநிலை லிப்போசோம்களை விட்டுவிட்டு இரட்டைப்படலம் கிடைத்துவிட்டதாகச் சொல்லும் ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரே ஒரு நுண்தராசு அளவீடு அந்த உழைப்பைக் காப்பாற்றியிருக்கும்.

அப்படியானால் தங்கத்தின் மேல் படலம் அமைக்க என்ன வழி? பழமையானதும் எனக்கு மிகப் பிடித்ததும், நீர்ப்பரப்பில் லிப்பிடை விரித்து அப்படியே எடுத்து ஒட்டுவது. இதன் தொடக்கம் ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் பல்கலைக்கழகப் படிப்புக்கு வழியில்லாமல் வீட்டிலிருந்த ஆக்னெஸ் பொக்கெல்ஸிடம் இருக்கிறது. தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, தகரப் பட்டையை நகர்த்தி எண்ணெய்ப் படலத்தை நெருக்கி அவர் செய்த அளவீடுகளை ரேலே பிரபு 1891-இல் நேச்சர் இதழுக்கு அனுப்பிவைத்தார். பின்னர் லாங்மியூரும் கேத்தரின் பிளாட்ஜெட்டும் அதை முறையாக்கினார்கள். இன்றும் செய்முறை அதேதான். டெஃப்லான் தொட்டியில் தூய நீர். நுண்சிரிஞ்சின் நுனியில் தொங்கும் குளோரோஃபார்ம் துளியை நீரில் விழவிடாமல், பரப்பைத் தொட்டும் தொடாமலும் வைத்தால் துளி சட்டென்று பரவி மறையும். பத்து நிமிடம் காத்திருந்து, தடுப்பை மெல்ல நகர்த்திப் பரப்பு அழுத்தத்தை மீட்டருக்கு 30 முதல் 35 மில்லிநியூட்டன் வரை ஏற்ற வேண்டும். இயற்கைச் சவ்வில் மூலக்கூறுகள் நெருங்கியிருக்கும் அளவு ஏறத்தாழ இந்த அழுத்தத்துக்கு ஒத்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பிறகு தங்கத்தைச் செங்குத்தாக வெளியே இழுத்து முதல் அடுக்கையும், கிடையாகத் தொட்டு இரண்டாம் அடுக்கையும் ஏற்றலாம். ஒரு அடுக்கு ஏறியதா என்பதை, தொட்டியில் குறைந்த பரப்பையும் மின்முனையின் பரப்பையும் ஒப்பிட்டு அப்போதே அறியலாம்.

இன்னொரு வழி, படலத்தை தங்கத்தில் கட்டிவைப்பது. தலைப்பக்கத்து முனையில் கந்தகம் உள்ள லிப்பிடுகள் தங்கத்தோடு பிணைந்துகொள்ளும்; நடுவே எத்திலீன் கிளைக்கால் சங்கிலி நீருக்கு இடம் தரும். 1997-இல் ஆஸ்திரேலியாவில் கார்னெல் குழுவினர் இத்தகைய படலத்தில், அயனிகளைக் கடத்தும் சிறு பெப்டைடான கிராமிசிடினை வைத்து உணர்வி செய்து காட்டினார்கள். கட்டிவைத்த படலம் நாட்கணக்கில் தாங்கும்; ஆனால் அடியில் உள்ள நீர் ஓரிரு நானோமீட்டர்தான், அயனிகள் சேர ஆரம்பித்ததும் நிரம்பிவிடும். பாதரசத் துளியின் மேல் ஒற்றைப்படலம் போடும் முறையும் உண்டு. திரவமாதலால் கீறல் இல்லை, மேடுபள்ளம் இல்லை, வேண்டும்போது புதுத்துளி. இரட்டைப்படலத்தில் பாதிதான் என்பதால் மின்தேக்குத்திறன் இரட்டிப்பாக, டிஓபிசிக்கு 1.8 என்று வருவது அழகான சான்று. ஆனால் பாதரசத்தைக் கையாளும் வசதியில்லாத ஆய்வகத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

உலோகமே வேண்டாம் என்று நினைத்தவர்கள்தான் இந்தத் துறைக்கு மின் அளவீட்டின் மிகத் தூய வடிவத்தைத் தந்தார்கள். 1962-இல் முல்லர், ருடின், டியென், வெஸ்காட் நால்வரும் தகட்டிலிட்ட சிறு துளையின் குறுக்கே உப்புநீருக்குள் லிப்பிடைத் தடவினார்கள். முதலில் மழைநீரில் சிந்திய டீசல்போல வண்ணங்கள் ஓடும். பிறகு அடியில் ஒரு கரும்புள்ளி தோன்றி மெல்லப் பரவி முழுத்துளையையும் கருப்பாக்கும். படலத்தின் முன்முகத்திலும் பின்முகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றையொன்று அழிப்பதால் வரும் கருமை அது. படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மெல்லியதாகிவிட்டது என்பதைக் கண்ணாலேயே காணலாம். அதில் கிராமிசிடினைக் கொஞ்சம் சேர்த்தால் மின்னோட்டம் படிக்கட்டுபோல ஏறி இறங்கும். இரண்டு அரைமூலக்கூறுகள் நேர்க்கோட்டில் சேர்ந்தால் ஒரு படி மேலே, பிரிந்தால் ஒரு படி கீழே. ஒரு பிக்கோஆம்பியர் என்பது நொடிக்கு 62 லட்சம் அயனிகள். தனியொரு மூலக்கூறு வேலை செய்வதை எழுபதுகளின் தொடக்கத்திலேயே மனிதன் பார்த்துவிட்டான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இந்தப் படலத்தின் குறை, மேசையைத் தட்டினாலே உடைந்துவிடும் என்பதும், பரப்பை ஆராயும் எந்தப் பரப்புமுறைக் கருவியையும் அதன் அருகே கொண்டுபோவது கடினம் என்பதும்தான். திண்மப் பரப்புக்கு நாம் வருவதற்குக் காரணமே அதுதான்.

பரப்புமுறைகள் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. அணுவிசை நுண்ணோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குறையில்லாத இரட்டைப்படலத்தின் படமும் வெறும் மைக்காவின் படமும் ஒன்றுபோலத் தட்டையாகத்தான் இருக்கும். ஓட்டை ஒன்று கிடைத்தால்தான் விளிம்பின் உயரத்தை அளந்து 4 முதல் 5 நானோமீட்டர் என்று சொல்ல முடியும். அல்லது முனையை அழுத்தி, அது படலத்தைத் துளைத்துத் திடீரென இறங்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும். படலம் பாய்மத்தன்மையோடு இருக்கிறதா என்பதை ஒளிரும் சாயத்தை ஓரிடத்தில் வெளுக்கவைத்து, அது மீளும் வேகத்தால் அறியலாம். ஆனால் தங்கம் ஒளிர்வைத் தணித்துவிடும் என்பதால் கண்ணாடியின் மேல்தான் செய்வீர்கள், விடையும் கண்ணாடிக்கே உரியது. நியூட்ரான் எதிரொளிப்பு, நீரைக் கனநீராக மாற்றிமாற்றி அளந்து, நீர் எங்கே நுழைந்திருக்கிறது என்று அடுக்கடுக்காகக் காட்டும்.

மின்னழுத்தத்தையும் பரப்புமுறையையும் ஒரே நேரத்தில் இணைத்த வேலைகளில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் லிப்கோவ்ஸ்கி குழுவினர் செய்தவற்றை நான் திரும்பத்திரும்பப் படிக்கிறேன். தங்க ஒற்றைப்படிகத்தின் மேல் டிஎம்பிசி என்ற இன்னொரு பாஸ்போலிப்பிடின் படலத்தை வைத்து, மின்னழுத்தத்தை மாற்றியபடியே அகச்சிவப்பு எதிரொளிப்பும் நியூட்ரான் எதிரொளிப்பும் எடுத்தார்கள். உலோகத்தின் மின்னூட்டம் சுழியை ஒட்டி இருக்கும்போது படலம் நேராகத் தங்கத்தில் ஒட்டியிருக்கிறது. எதிர்மின்னழுத்தம் மிகும்போது படலம் கழன்று, மெல்லிய நீர்ப்படுகையின் மேல் அங்கேயே மிதக்கிறது. ஆகவே 'தங்கத்தின் மேல் சவ்வு' என்பது ஒரே நிலை அன்று. எந்த மின்னழுத்தத்தில் என்று சொன்னால்தான் அந்தச் சொற்றொடருக்குப் பொருள் உண்டு. செல் சவ்வின் குறுக்கே 70 மில்லிவோல்ட் இருந்தால், 5 நானோமீட்டருக்கு அது மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட் என்ற மின்புலம். மூலக்கூறுகள் இந்தப் புலத்தில்தான் வாழ்கின்றன. மின்வேதியியலை விட்டுவிட்டுச் சவ்வு மாதிரிகளை ஆராய்வது முழுமையாகாது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

மாறுதிசை மின்னோட்டத்துக்குப் படலம் காட்டும் எதிர்ப்பை அளக்கும் இம்பீடன்ஸ் அளவீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 5 அல்லது 10 மில்லிவோல்ட் அலையை ஒரு லட்சம் ஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை மாற்றி அளக்கும்போது, படலத்தின் மின்தேக்குத்திறன் உறுதியாகக் கிடைக்கிறது. மின்தடை அவ்வளவு உறுதியானது அன்று. அளவீட்டுக்குப் பொருத்தும் மாதிரி மின்சுற்றில் உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் எந்த வரைவுக்கும் கோடு பொருந்திவிடும். இரண்டு வேறுபட்ட சுற்றுகள் ஒரே வரைவுக்குச் சமமாகப் பொருந்துவதும் உண்டு. மென்பொருள் தரும் எண்ணை ஓட்டைகளின் எண்ணிக்கையாகவோ அளவாகவோ மாற்றிச் சொல்வதை ஐயத்தோடு பாருங்கள். நான் நம்புவது, ஒரே படலத்தில் பெப்டைடைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஏற்படும் மாற்றத்தைத்தான்.

அந்த மாற்றத்திலும் ஏமாறலாம். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு பெப்டைடு மிகக் குறைந்த செறிவிலேயே படலத்தைத் துளைப்பதாக மூன்று வாரம் அளந்து மகிழ்ந்திருந்தேன். பெப்டைடு இல்லாமல், அதைக் கரைத்திருந்த ஆல்கஹாலை மட்டும் அதே அளவு சேர்த்துப் பார்க்கச் சொன்னார் என் வழிகாட்டி. மாற்றத்தின் பெரும்பகுதி அதிலேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து கரைப்பான் மட்டும் சேர்த்த அளவீட்டை முதலில் எடுக்காமல் நான் எதையும் தொடங்குவதில்லை. டிஓபிசியின் இரட்டைப்பிணைப்புகள் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்தால் படலம் தானாகவே ஒழுகும் என்பதால், குப்பியில் நைட்ரஜனை நிரப்பி உறைபெட்டியில் வையுங்கள். டிஎம்பிசிக்கு மாறுவதாக இருந்தால் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துங்கள். அது 24 டிகிரி செல்சியஸில் கெட்டியான நிலையிலிருந்து பாய்ம நிலைக்கு மாறுகிறது, அறையில் ஏசி ஓடும்போது ஒரு படலம், நின்றுவிட்டால் வேறொரு படலம்.

இனி இரண்டாவது கேள்வி. உயிருள்ள செல்லின் சவ்வில் உள்ளும் புறமும் ஒரே லிப்பிடு இல்லை; சிவப்பணுவில் பாஸ்பாட்டிடைல்செரின் என்ற லிப்பிடு கிட்டத்தட்ட முழுவதும் உள்ளடுக்கில் இருக்கிறது. பல சவ்வுகளின் நிறையில் பாதியளவு புரதம். அடியில் செல்லின் சட்டகம் தாங்கிநிற்கிறது. செல் தன் சவ்வைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் செய்யும். இவை எதுவும் உங்கள் மின்முனையில் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு லிப்பிடு மட்டும் என்ன செய்கிறது என்று கேட்பதற்காகத்தான் மாதிரியே அமைக்கிறோம். எனவே ஒப்பீட்டுக் கேள்வி கேளுங்கள். பாலூட்டிச் செல்லுக்கு டிஓபிசியோடு கொலஸ்டிரால் சேர்த்த ஒரு படலம். பாக்டீரிய உட்சவ்வுக்குப் பாஸ்பாட்டிடைல் எத்தனாலமீனும் எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்பாட்டிடைல் கிளிசராலும் மூன்றுக்கு ஒன்று கலந்த இன்னொரு படலம். இரண்டிலும் ஒரே செறிவில் பெப்டைடைச் சேர்த்து, ஒன்றில் மட்டும் மின்தேக்குத்திறன் மாறினால், அந்தத் தேர்வுக்கு லிப்பிடின் மின்னூட்டமும் அமைப்புமே போதுமானவை என்று சொல்லலாம். பெப்டைடு நோயாளியிடம் வேலை செய்யும் என்றோ, பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் கடந்து உள்ளே வரும் என்றோ இந்த அளவீடு சொல்லாது.

நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, தங்கத்தின் உண்மைப் பரப்பை அளப்பது. பிறகு லாங்மியூர் தொட்டி கிடைத்தால் அந்த வழியிலும், கிடைக்காவிட்டால் கந்தக லிப்பிடைக் கட்டி அதன் மேல் லிப்போசோமை விட்டும் படலத்தை அமையுங்கள். மின்தேக்குத்திறன் 1-ஐ நெருங்கும்வரை பெப்டைடைத் தொடாதீர்கள். நெருங்கியபின் கிராமிசிடினைச் சேர்த்து, சோடியம் குளோரைடில் மின்தடை விழுகிறதா, கால்சியம் குளோரைடில் விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கிராமிசிடின் ஒற்றை மின்னூட்ட நேரயனிகளை மட்டுமே விடும் என்பதால், அடைபட்ட படலம் இருந்தால்தான் இந்த வேறுபாடு தெரியும். ஓட்டையிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே ஒழுகும். இப்போதைய முடிவுகளை ஆய்வேட்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், 'டிஓபிசி லிப்போசோம்கள் தங்கப் பரப்பில் படிந்தன; பரப்பு பகுதியளவே மூடப்பட்டது; குமிழிகள் உடைந்து இரட்டைப்படலமானதற்கு இந்த அளவீடுகளில் சான்று இல்லை' என்று எழுதுங்கள்.